இடப்பக்கக் கண்ணாடி

நெல்லியடியில் கடைசிக் கடைக்கு
பிஸ்கட் பெட்டி இறக்கிவிட்டுத் திரும்பும்போது
ஆறேகால்.
டிலக்சன் அன்றைக்கு வரவில்லை, அவனுக்குப் பல்லுவலி.
பக்கத்துச் சீற் வெறுமை.
அதில் போனைச் சாய்த்து வைத்தேன்
ஒரு ஆளை இருத்துவது போல.

வல்லை வெளி தொடங்க முதலே சுகிர்தா எடுத்தாள்.
டொரொன்டோவில் அப்போதுதான் விடிந்திருந்தது.
"அண்ணா, பனியைப் பாருங்கோ."
பார்த்தேன்.
அவளுடைய காரைக் காணவில்லை,
அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் குவியல்.
மருமகன் அதில் விரலால் பெயர் எழுதினான்.
அ சரியாக வந்தது.
க பாதியில் நின்றது, விரல் விறைத்துவிட்டதாம்.
சிரித்தேன்.
சிரித்தது நல்லாக நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நினைவில் இருப்பது
ஆவரங்கால்.

நடுவில் ஒரு வெளி இருந்தது.
பதினொரு வருசமாக ஓடுகிற வெளி.
உப்புக்காற்று வானைப் பிடித்துத் தள்ளும்,
ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கவேணும்.
முனியப்பர் கோயிலடியில் நிற்பாட்டி
இருபது ரூபா போட்டு
திருநீறு பூசிக்கொண்டுதான் எப்பவும் போவேன்.
அன்றைக்கு நிற்கவில்லை.
மறந்துபோனேன் என்றால் பொய்.
கோயில் வரவே இல்லை.

நீர்வேலியில், வாசல் லைட்டைப் போட்டுவிட்டு
ரஜிதாதான் கேட்டாள்,
"இந்தக் கண்ணாடிக்கு என்ன நடந்தது?"

இடப்பக்கக் கண்ணாடி பின்னுக்கு மடிந்து
கதவோடு ஒட்டிக் கிடந்தது,
அடி வாங்கின பிள்ளை
முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி.
விளிம்பில் ஊதா நூல், ஒரு சாண்.
சட்டையோ சேலைத் தலைப்போ
இறாலுக்குப் போன ஆரும் தோளில் போட்ட வலையோ.
"ஏதும் சத்தம் கேட்டதோ?" என்றாள்.
கேட்டது.
சுகிர்தாவின் சிரிப்பு.

திரும்பிப் போனேன்.
வெளி இருட்டிப் போயிருந்தது.
வானில் ரோச் லைட் இல்லை,
அதே போனின் வெளிச்சத்தில்தான் தேடினேன்.
ஒரு செருப்புக் கிடந்தது. பழசு,
சிப்பி ஒட்டியிருந்தது.
இது இல்லை என்று எனக்கே சொன்னேன்.
சேற்றில் ஒரு கோடு,
சைக்கிள் சறுக்கினதாக இருக்கலாம்,
மாடு இழுத்த கயிறாகவும் இருக்கலாம்.
"ஆரும் இருக்கிறியளோ?"
என் குரலைக் காற்று
தொண்டைமானாறுப் பக்கம் கொண்டுபோனது.

அப்போது கையில் வெளிச்சம் அதிர்ந்தது.
"லைன் கட்டாயிட்டுது அண்ணா.
வீட்டை போய்ச் சேந்திட்டியளோ?"

முனியப்பருக்கு முன்னால் போய் நின்றேன்.
அவர் கண்டிருப்பார்.
ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதானே
அவருக்கு வேலை.

எனக்கும் அதுதானே வேலை.

அடுத்த நாள் பேப்பரில் ஒன்றும் இல்லை.
அதற்கடுத்த நாளும் இல்லை.
மந்திகை ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒருவரைக் கேட்டேன்.
"கை முறிஞ்சு வந்தவை நாலு பேர்.
நீங்கள் ஆரைத் தேடுறியள்?"
பேர் தெரியாது என்றேன்.
"ஆம்பிளையோ பொம்பிளையோ?"
அதுவும்.
அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.
பொலிசுக்குப் போவம் என்று இரண்டு தரம் வெளிக்கிட்டேன்.
என்ன சொல்லி எழுதுவிப்பது?
இன்ன இடத்தில் நான் இல்லை என்றா?

கண்ணாடியை நிமிர்த்தியாயிற்று. கீறல் இருக்கிறது,
பின்னால் வருகிற எல்லா வாகனத்திலும்
அந்தக் கீறல் விழுகிறது.
நூலை எறியவில்லை.
லைசென்சுக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறேன்.
போன் இப்போது பின்னுக்கு, பெட்டிகளுக்குள்.
அடிக்கும்போது
மரத்தைத் துளைக்கிற வண்டு மாதிரிக் கேட்கும்.
"எடுக்கட்டோ அண்ணை?" என்பான் டிலக்சன்.
வேண்டாம், நீ இடப்பக்கம் பார், என்பேன்.

நெல்லியடிச் சந்தையில்
கையில் கட்டுப் போட்ட ஆரைக் கண்டாலும்
சட்டையின் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.
ஊதா இல்லை என்றால்
ஒரு நிம்மதி வரவேணும்.

வருவதில்லை.
கிழிந்த சட்டையை
அதற்குப் பிறகு ஆர் போடுவார்கள்?